எண்ணூறு விக்கெட்டும் ஐந்து ஊர்த் தீர்ப்பும்

2010 ஜூலை 22 அன்று காலி மைதானத்தில் பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்டு வந்த பந்தை மகேல ஜெயவர்த்தன பிடித்தபோது, முத்தையா முரளிதரனின் டெஸ்ட் விக்கெட் கணக்கு 800-ஐத் தொட்டது. டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய கடைசிப் பந்தும் அதுதான். 133 டெஸ்ட், அவற்றில் 67 முறை ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டோ அதற்கு மேலோ, ஒருநாள் ஆட்டங்களில் 534 விக்கெட். டெஸ்டில் இவருக்கு அடுத்து நிற்கும் ஷேன் வார்னின் கணக்கு 708. கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச்சு வேறுபட என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் மெல்போர்னில் அவர் நெடுங்காலம் சந்தேகத்துக்குரிய கை. கொழும்பில் நாடே சேர்ந்து காத்த செல்லப்பிள்ளை. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடமும் பலருக்கு அவர் வேண்டிய நேரத்தில் வாய் திறக்காதவர், திறந்தபோது தவறாகப் பேசியவர். சென்னையில் முதலில் மாப்பிள்ளை, பிறகு துரோகி. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மலையகம் பெற்ற பிள்ளை. ஒரே ஆள், ஒரே மணிக்கட்டு, ஐந்து தீர்ப்பு. இந்த வேறுபாட்டை ரசிகர்களின் பாரபட்சம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அது சோம்பேறித்தனமான விளக்கம். ஒவ்வொரு ஊரும் தன்னிடம் ஏற்கெனவே தீராமல் கிடந்த ஒரு வழக்கை இவர்மேல் நடத்தியது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தப் பழைய வழக்கு எது என்று தெரிந்தால்தான் தீர்ப்பில் எவ்வளவு முரளிதரனைப் பற்றியது, எவ்வளவு தீர்ப்பு சொன்னவர்களைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் எழக்கூடிய மறுப்பு, ஸ்கோர் புத்தகம் எல்லா ஊருக்கும் பொதுவானதுதானே என்பது. அதுவும் அவ்வளவு பொதுவானதில்லை. 800 விக்கெட்டில் ஐந்து, 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக லெவன் அணிக்காக ஆடியபோது எடுத்தவை. அந்த ஆட்டத்துக்கு ஐசிசி டெஸ்ட் தகுதி கொடுத்தது. நாடுகளுக்கிடையே நடக்காத ஆட்டம் எப்படி டெஸ்ட் ஆகும் என்று பில் ஃப்ரிண்டால் போன்ற புள்ளிவிவர அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். அவர்கள் கணக்கில் முரளிதரன் எடுத்தது 795தான். வங்கதேசத்துக்கும் ஜிம்பாப்வேக்கும் எதிராக எடுத்த 176 விக்கெட்டைக் கழித்துவிட்டுப் பேசுபவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டில் 12 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 75 ஓட்டத்துக்கு மேல் என்பதை முதல் வரியாக வைப்பவர்களும் உண்டு. 1998-இல் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் இங்கிலாந்தின் 16 விக்கெட்டைச் சாய்த்ததை முதல் வரியாக வைப்பவர்கள் வேறு. கிரிக்கெட்டுக்கு மட்டும் வந்த நோயில்லை இது. பேஸ்பால் ஆட்டத்தில் ஜப்பானின் இச்சிரோ சுசுகி 2016 ஜூனில் ஜப்பான், அமெரிக்கா இரண்டிலும் அடித்த ‘ஹிட்’களைச் சேர்த்து 4257 என்ற எண்ணை எட்டினார், அமெரிக்காவின் பீட் ரோஸ் வைத்திருந்த சாதனை 4256. ஜப்பானியருக்கு அது உலக சாதனை. ஜப்பானில் அடித்த 1278-ஐ எங்கள் லீகோடு சேர்ப்பதா என்றது அமெரிக்கத் தரப்பு. ரோஸும் அதை ஒப்பவில்லை. எதை எண்ணுவது, எதைத் தள்ளுவது என்ற முடிவு கூட்டலுக்கு முன்னாலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவில்தான் ஊரின் மனம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். அம்பயர் டாரல் ஹேர், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று மூன்று ஓவருக்குள் ஏழு முறை நோபால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கிருந்த நியூசிலாந்து அம்பயர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் மீண்டும் நோபால் கொடுத்தார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் அதே தீர்ப்பைச் சொன்னபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய் நிறுத்தினார். 2004 மே மாதத்தில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே, முரளிதரன் எறிபவர்தான் என்ற பொருளில் பேசினார். அந்த ஜூலையில் டார்வினுக்கும் கெய்ர்ன்ஸுக்கும் இலங்கை அணி சென்றபோது முரளிதரன் போகவில்லை. அவர் ஆஸ்திரேலியாவில் ஆடியபோதெல்லாம் ஒவ்வொரு பந்துக்கும் அரங்கிலிருந்து ‘நோபால்’ கூச்சல் எழுந்தது. நாட்டின் பிரதமர் ஓர் அயல்நாட்டுப் பந்துவீச்சாளரின் முழங்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு இது ஏன் போனது?

நிறவெறி என்பது தெற்காசியாவில் வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அரங்கக் கூச்சலில் அதன் பங்கை மறுக்க முடியாது. ஆனால் அது முழு விடையாக இருந்தால் இயன் மெக்கிஃப்பின் கதைக்கு இடம் இருக்காது. இடக்கை வேகப்பந்து வீச்சாளரான மெக்கிஃப் ஆஸ்திரேலியர், வெள்ளையர். 1963 டிசம்பரில் பிரிஸ்பேனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் அவர் வீசிய ஒரே ஓவரில், சொந்த நாட்டு அம்பயர் காலின் ஈகர் நான்கு முறை நோபால் கொடுத்தார். கேப்டன் ரிச்சி பெனோ அவருக்கு மீண்டும் பந்து கொடுக்கவேயில்லை. மெக்கிஃப்பின் ஆட்ட வாழ்க்கை அந்த ஒற்றை ஓவரோடு முடிந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு லார்ட்ஸில் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப் கிரிஃபின் ஹாட்ரிக் எடுத்த அதே டெஸ்டில் எறிந்ததற்காக நோபால் வாங்கி, பிறகு டெஸ்டே ஆடவில்லை. அந்தத் தலைமுறைக்கு எறிதல் என்பது ஒழுக்கக் கேடு. ஆட்டத்தைத் தூய்மைப்படுத்த சொந்தப் பிள்ளையையே பலி கொடுத்த நினைவு ஆஸ்திரேலியாவில் இருந்தது. மெக்கிஃப்புக்குக் காட்டாத இரக்கத்தை வெளியூர்க்காரருக்கு ஏன் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் அடியில் ஓடிய கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது, விடை தவறாகப் போனது. ஏனென்றால் மெக்கிஃப்புக்குக் கிடைத்திராத ஒன்று முரளிதரனுக்குக் கிடைத்தது: அளந்து பார்க்கும் கருவி.

முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. அப்படிப்பட்ட கை வேகமாகச் சுழலும்போது, வளைந்திருந்து நிமிர்வதைப் போலக் கண்ணுக்குப் படும். 1996-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் செய்த ஆய்வுகள், அம்பயர்கள் பார்த்தது கண்ணின் மயக்கம் என்றன. 2004-இல் எதிர்த்திசையில் திரும்பும் அவரது ‘தூஸ்ரா’ பந்தை ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் புகார் செய்தபோது விஷயம் வேறாக இருந்தது: அந்தப் பந்தில் கை ஏறக்குறைய 14 பாகை நிமிர்வதாக அளவு காட்டியது, சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போது அனுமதி 5 பாகைதான். இதை மறைத்துவிட்டு வெறும் பழிதூற்றல் என்று பேசுவது இலங்கை ரசிகர்களின் பிழை. பிறகு ஐசிசி எல்லா வகைப் பந்துவீச்சாளரையும் படம்பிடித்து அளந்தபோது, பிழையற்ற வீச்சுக்குப் பெயர் வாங்கியவர்களின் கைகளும் அன்றைய வரம்பைத் தாண்டி நிமிர்வது தெரிந்தது. முற்றிலும் நிமிராத கை என்பது கிட்டத்தட்ட உலகில் இல்லை. 2005-இல் எல்லோருக்கும் ஒரே வரம்பாக 15 பாகை வந்தது. முரளிதரனுக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இங்கிலாந்தில் தோளுக்கு மேல் கையை உயர்த்தி வீசுவதே 1864 வரை சட்டவிரோதம். பந்துவீச்சுச் சட்டம் எப்போதும் ஆட்டக்காரர்களின் கையைப் பின்தொடர்ந்தே வந்திருக்கிறது. ஆக, கையைப் பற்றிய வழக்கில் மட்டும் எந்த ஊரின் நினைவையும் சாராத ஒரு விடை உண்டு. அது பெரும்பாலும் முரளிதரன் பக்கம் இருக்கிறது.

கொழும்பின் வழக்கு கையைப் பற்றியதாகத் தோன்றினாலும் உண்மையில் நாட்டைப் பற்றியது. மெல்போர்ன் நோபால் எந்த மாதத்தில் நடந்தது என்று பார்க்க வேண்டும். 1995 அக்டோபர் இறுதியில் இராணுவம் நெருங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் யாழ் நகரில் இராணுவம் கொடியேற்றியது. மூன்றே வாரத்தில், அதே நாட்டின் சிங்களப் பெரும்பான்மை, ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளருக்கு மெல்போர்னில் இழைத்த அநீதிக்காகக் கொதித்து எழுந்தது. 1996 ஜனவரி 31-இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கோப்பை ஆட்டத்துக்குக் கொழும்பு வர மறுத்தன. மார்ச் 17-இல் லாகூரில் அந்த ஆஸ்திரேலியாவையே வென்று இலங்கை கோப்பையைத் தூக்கியது. இந்த வரிசையில் முரளிதரன் அணியின் ஒரே தமிழராக இருந்தார். சிங்களர் அவர்மேல் வைத்த அன்பு போலி என்று சொல்வதற்கில்லை. ரணதுங்க தன் பதவியைப் பணயம் வைத்துத்தான் அவரோடு நின்றார். ஆனால் அந்த அன்புக்கு இன்னொரு பயனும் இருந்தது. இந்நாட்டில் தமிழருக்குப் பாகுபாடு என்று வெளியுலகம் சொன்னபோதெல்லாம், முரளியைப் பாருங்கள் என்பது கைவசமிருந்த பதிலாயிற்று. ஒரு மனிதரின் வெற்றி ஒரு சமூகத்தின் நிலைமைக்குச் சான்றாகாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் அந்தச் சான்று மீண்டும் மீண்டும் நீட்டப்பட்டது. ஈழத்தமிழரின் கசப்பு பாதிக்கு மேல் இங்கேதான் பிறந்தது.

இந்த இடத்தில் முரளிதரன் எந்தத் தமிழர் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி இது. அவருடைய தாத்தா 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்; பின்னாளில் மகள்களோடு திருச்சிக்குத் திரும்பி வந்தார், மகன்கள் கண்டியிலேயே தங்கினார்கள். 1820, 30-களில் கோப்பிக்காகத் தொடங்கி, பிறகு தேயிலைக்காகப் பெருகிய ஆள்சேர்ப்பின் கதை அது. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை, ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி கூட்டிப் போன மக்கள் அவர்கள். லயம் எனப்பட்ட வரிசை வீடுகளும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும், துண்டு என்ற சீட்டில் எழுதிய கடனும் அவர்கள் உலகம். யாழ்ப்பாணத்து வேளாண் குடும்பத்துக்கும் கொழும்பின் ஆங்கிலம் படித்த தமிழ்க் குடும்பத்துக்கும் இவர்கள் நெடுங்காலம் ‘தோட்டக்காட்டான்’. மொழி ஒன்று, மதம் ஒன்று. வரலாறும் சாதி அடுக்கும் பிழைப்பும் வேறு.

இந்தப் பிளவைக் கிரிக்கெட்டே காட்டிக் கொடுக்கும். 1948 மார்ச்சில் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் ஆடியபோது இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்: மகாதேவன் சதாசிவம். முந்தைய ஆண்டு சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம் குவித்தவர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று அணிகளுக்குத் தலைவராக இருந்தவர். மனைவி கொலை வழக்கில் கைதாகி 1953-இல் விடுதலையானதால் அவருடைய பெயர் ஆட்டத்தோடு அந்த வழக்கையும் சுமந்தது. அவர் ஆடிய தமிழ் யூனியன் சங்கத்துக்கே பின்னாளில் முரளிதரனும் ஆடினார். ஒரு தமிழர் நாட்டின் கேப்டனாக நின்ற அதே 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1947 தேர்தலில் வாக்களித்து உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசின் அமைச்சரானார். அதைப் பொறுக்காமல் அவருடைய கட்சியிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று, அவர்களைக் கேட்காமலே பங்கு போட்டது. அப்படி வந்தவர்கள் நீலகிரியில் இன்றும் ‘சிலோன்காரர்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். ‘தமிழர்’ என்ற ஒரே சொல்லுக்குள் கேப்டனும் இருந்தார், நாடற்றவரும் இருந்தார். ஒருவர் பட்டதை மற்றவர் கணக்கில் எழுதினால் இரண்டு கணக்கும் பிழையாகும்.

மலையகத்தின் அரசியல் வழியும் இதனால் வேறாயிற்று. 1976-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி நாட்டைக் கேட்டபோது, சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அதில் சேரவில்லை. 1978-இல் தொண்டமான் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அடுத்த பத்தாண்டில் எஞ்சியோருக்குக் குடியுரிமை பெறுவதை முதல் வேலையாக வைத்துக்கொண்டார். சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலைநாட்டில், கடலும் இல்லை, காடும் இல்லை, தப்பியோட வழியும் இல்லை. 1977 கலவரத்தில் முரளிதரனின் குடும்பமும் தாக்கப்பட்டது; அவர்களின் பிஸ்கட் தொழிற்சாலை எரிந்தது. 1983 ஜூலைக் கலவரம் அந்த நிலையை மீண்டும் காட்டியது. பெரும்பான்மையோடு பேசி, ஒத்துப்போய், கிடைத்ததை வாங்கிப் பிழைப்பது அங்கே கோழைத்தனமாகப் பார்க்கப்படவில்லை. அரசியல் என்றே கொள்ளப்பட்டது. முரளிதரன் பேசும் முறையும் இந்த மரபிலிருந்து வருவதுதான். மலையகத்தின் தீர்ப்பு அதனால் மற்ற ஊர்களை விட எளிமையானது: குடியுரிமையே மறுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவர் நாட்டின் முகமாக நின்றார். ஆனால் இந்தப் பெருமிதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. அவர் லயத்தில் வளர்ந்தவரில்லை. தொழிற்சாலை உரிமையாளரின் மகன், கண்டியின் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். நாட்கூலி உயர்வுக்காகத் தொடர்ந்து போராடும் கொழுந்து பறிப்பவரின் வாழ்க்கையோடு அவருடைய வாழ்க்கையை ஒன்றாக்கிப் பேசினால், கொழும்பு செய்த அதே தவறை மலையகமும் செய்ததாகும்.

ஈழத்தமிழரின் வழக்கு இவற்றை விடக் கனமானது. அதில் பிணங்கள் உண்டு. போர் நடந்த காலத்தில் இலங்கை அணியின் தோல்வியை விரும்பிய தமிழர்கள் குறைவில்லை. அந்த அணியின் உச்சத்தில் ஒரு தமிழர் இருந்தது அவர்களுக்கு ஒரே நேரத்தில் பெருமையும் சங்கடமும். 2013 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் யாழ்ப்பாணம் போய்க் காணாமற்போனோரின் உறவினர்களைச் சந்தித்தார். அவர் தவறாக வழிநடத்தப்பட்டுவிட்டார் என்ற பொருளில் முரளிதரன் பேசியது, மகனைத் தேடும் தாய்க்குக் காயமாகத்தான் பட்டிருக்கும். 2019 ஜனாதிபதித் தேர்தலில், இறுதிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்சவை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். போர் முடிந்த 2009-ஐ மகிழ்ச்சியான ஆண்டாகக் குறிப்பிட்டார். சாவுகள் நின்றதைத்தான் சொன்னேன் என்று பின்னர் விளக்கினார். மறுபுறம், 2012 முதல் வடக்கின் ஊர்களில் எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் ‘முரளி கிண்ண’ப் போட்டிகளும், சுனாமிக்குப் பின் சீனிகமவில் தொடர்ந்த அறப்பணிகளும் உண்டு. பணி பேச்சை ஈடு செய்யுமா என்பது அங்கே வாழ்பவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டின் வழக்குதான் இவற்றில் மிக வேகமாகத் திசை மாறியது. 1996 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்து, கண்ணை விரித்து மணிக்கட்டைத் திருப்பிய பையன்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பந்தை எறிகிறான் என்ற பொருளில் நண்பர்கள் ‘மாங்கா அடிக்கிறான்’ என்று கத்தினால், முரளி அடிக்கவில்லையா என்பது பதில். 2005-இல் அவர் சென்னையில் பெண் எடுத்தார். 2008-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை வாங்கியது. 2010-இல் கோப்பை வென்ற அணியில் அவரும் இருந்தார். இடையில் 2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த அந்த வாரத்தில், ஐபிஎல் தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்தது; முரளிதரன் சென்னையின் மஞ்சள் சட்டையில் இருந்தார். அப்போது அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பெரிய குரல் எதுவும் எழவில்லை. 2013 மார்ச்சில் கல்லூரி மாணவர் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது, திமுக மத்திய அரசிலிருந்து விலகியது, இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்றார் முதல்வர் ஜெயலலிதா. பெங்களூரு அணிக்கு மாறியிருந்த முரளிதரன் சேப்பாக்கத்தில் இறங்க முடியவில்லை. 2020 அக்டோபரில் அவருடைய வாழ்க்கைப் படமான ‘800’-இல் விஜய் சேதுபதி நடிக்கிறார் என்ற அறிவிப்பு வந்த சில நாளில் எதிர்ப்பு பெருகியது. விலகிக்கொள்ளுமாறு முரளிதரனே கேட்டுக்கொள்ள, அவர் விலகினார். மதுர் மிட்டல் நடித்து 2023 அக்டோபரில் படம் வெளிவந்தது. 2008-க்கும் 2013-க்கும் இடையில் முரளிதரனின் கையும் மாறவில்லை, குடியுரிமையும் மாறவில்லை. மாறியது, 2009-ஐத் தடுக்க முடியாமற்போன தமிழ்நாட்டின் குற்றவுணர்வு. அதை இறக்கி வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இவர் இருந்தார்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஊர்களின் மனநிலையைப் பற்றியே பேசி முரளிதரனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறாயே. கேமரனைப் பற்றியும் கோத்தபயவைப் பற்றியும் பேசியது அவர் வாய்தானே? ஆம். பந்தை மட்டும் வீசிவிட்டு ஒதுங்கியிருந்தால் கேட்கக் கூடாத கேள்விகளை, தேர்தல் மேடையில் ஏறியவரிடம் கேட்கலாம். தன் சொந்தக் குடும்பம் தீயைப் பார்த்தது என்பதால் மற்றவர் இழப்பைச் சிறிதாக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. மலையக மரபு அவர் பேச்சை விளக்கும்; அது அப்பேச்சை நியாயப்படுத்தாது. ஆனால் விமர்சனத்துக்கும் ‘துரோகி’ என்ற தீர்ப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஏற்றுக்கொண்ட கடப்பாட்டை மீறினால்தான் துரோகம். தனி நாட்டுக் கோரிக்கையை மலையகம் 1976-இலேயே ஏற்கவில்லை; அந்தக் கடப்பாட்டை முரளிதரனின் தலையில் வைத்தவர்கள் அவரை ஈழத்தமிழர் என்று தவறாக எண்ணிய தமிழ்நாட்டுக்காரர்கள். அவர் சொன்னது தவறு என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவர் நம்மைக் காட்டிக் கொடுத்தார் என்று சொல்ல, 1948-இலும் 1964-இலும் அவருடைய மக்கள் கைவிடப்பட்டபோது நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். சாஸ்திரி கையெழுத்திட்டபோது சென்னை மாநிலம் எவ்வளவு குரல் கொடுத்தது என்பதும் அந்தப் பதிலின் ஒரு பகுதி.

கடைசி மறுப்பு, அப்படியானால் எல்லாத் தீர்ப்பும் ஊருக்கு ஊர் சரிதானா, உண்மை என்று ஒன்று இல்லையா என்பது. அப்படியும் இல்லை. ஐந்து வழக்கும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதுதான் செய்தி. கை வழக்கில் பாகைமானி இருக்கிறது; அங்கே ஆஸ்திரேலிய அரங்கின் கூச்சல் தவறு, தூஸ்ரா பற்றிய அன்றைய ஐயம் சரி, இரண்டையும் சொல்லலாம். கணக்கு வழக்கில் விதி இருக்கிறது. 800-ஐயோ 795-ஐயோ, எந்த விதிப்படி என்று சொல்லிவிட்டு ஏற்கலாம். நாட்டின் அடையாளமாக அவரைக் காட்டிய கொழும்பின் வழக்கு தர்க்கத்திலேயே தோற்றது. தனி மனிதரின் உயர்வு ஓர் இனத்தின் உரிமைக்கு ரசீது ஆகாது. மலையகத்தின் பெருமிதம் நியாயமானது, தொழிலாளியின் கூலியை அது மறக்கடிக்காத வரை. பேச்சு வழக்கில் அவர் குற்றம் சாட்டப்படலாம், ஆனால் குற்றப்பத்திரிகை அவருடைய சொந்த வரலாற்றைப் படித்துவிட்டு எழுதப்பட வேண்டும். ஆட்டக்காரரின் புகழைப் பற்றி வாதிடும்போது, சென்னையிலிருந்து பேசினாலும் கண்டியிலிருந்து பேசினாலும், தீர்ப்பைச் சொல்வதற்கு முன் நாம் எந்த வழக்கை விசாரிக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. தமிழ்நாடு முரளிதரன் வழக்கில் அதைச் சொல்லவில்லை. மலையக வரலாற்றைப் படிக்காமல் மலையகத்தார் ஒருவரைத் தண்டித்தது. தாத்தா திருச்சிக்குத் திரும்பி வந்த குடும்பத்தின் பேரனை அந்நியன் போலவும் சொந்தக்காரன் போலவும் மாறி மாறி நடத்தியது. அவர்மேல் கோபம் இருப்பவர்கள் அதை விட வேண்டியதில்லை. அந்தக் கோபத்தை 1948-இன் சட்டத்தையும் 1964-இன் ஒப்பந்தத்தையும் தெரிந்துகொண்ட பிறகு வைத்துக்கொண்டால், அது குறைந்தபட்சம் சரியான ஆளிடம், சரியான அளவில் போய்ச் சேரும்.